ஏழு தகடும் ஒரே அச்சு

யோகமலர் அக்காவின் காதில் ஹெட்போன் இருக்கும் நேரத்தில் அவரோடு கதைக்கப் போகக் கூடாது. ஏரிக்கரையின் ஈர மணலில், உலோகம் தேடும் கருவியை இடமும் வலமுமாக வீசியபடி நடந்துகொண்டிருப்பார். கருவியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வளையம். அது மணலில் உரசாமல் இரண்டு விரல் உயரத்தில் போய் வரும். இரும்பு கிடந்தால் காதுக்குள் ஓர் உறுமல் கேட்கும். வெள்ளியோ செம்போ கிடந்தால் மணியடிக்கும். அந்த மணிக்காகக் காத்திருக்கிறவருக்கு வேறெதுவும் கேட்காது. நாய்களை நடத்திக்கொண்டு வரும் வெள்ளைக்காரர்கள் அவருக்குக் காலை வணக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்து, இப்போது கையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறார்கள்.

வயது அறுபத்துமூன்று. கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு. கணவர் சிவபாதம் பதினொரு வருடங்களுக்கு முன், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். பிள்ளைகள் இல்லை. ஆனால் நிலாணி இருந்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்கா பத்தொன்பது வருடங்கள் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மருத்துவமனைகளிலிருந்து மலைபோல வரும் அழுக்குத் துணிகளைப் பிரித்துப் போடும் பகுதி. விரிப்புகளுக்குள் கத்தரிக்கோல் வரும், ஊசி வரும், பல்செட் வரும், மோதிரம் வரும். மெஷினுக்குள் உலோகம் போனால் மெஷின் கெட்டுவிடும் என்பதால், கைக்கு அடக்கமான ஓர் உலோகம் தேடும் கருவியைத் துணிக்கு மேலாகப் பிடிப்பது அவர் வேலை. அகப்பட்ட ஒவ்வொன்றையும் கடதாசி உறையில் போட்டு, எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்று எழுதி ஒப்படைப்பார். ஒருநாள் ஒரு நோயாளியின் வைர மோதிரம் காணாமற் போனது. மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால் அக்காவின் கைப்பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார். சாப்பாட்டுப் பெட்டி, பஸ் பாஸ், ஒரு சுற்று பிளாஸ்டர், அவ்வளவுதான் இருந்தது. நாலு நாள் கழித்து மோதிரம் தண்ணீர்க் குழாயின் அடைப்பில் அகப்பட்டது. மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வந்தவர்களின் பையைக் கவிழ்க்க இந்த நாட்டுக்கு ஒரு கணம் போதும், கவிழ்த்ததை எடுத்துத் திரும்ப வைக்கப் பத்தொன்பது வருடமும் போதாது. இதை நான் கோபமாகச் சொன்னால் அக்கா சிரிப்பார். தானே ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்ததாகவும், பிளாஸ்டர் சுற்று மட்டும் உருண்டு போய்விட்டதாகவும் சொல்வார்.

ஓய்வு பெற்ற மாதமே இணைய விளம்பரம் பார்த்துப் பழைய கருவி ஒன்றை வாங்கிவிட்டார். இவ்வளவு காலம் அடுத்தவனுக்காகத் தேடினேன், இனி எனக்காகத் தேடப்போகிறேன் என்றார். கரைகளிலும், வடக்கே ஒரு விவசாயியின் காட்டிலும் தேடுகிறார். எங்கே தேடினாலும் முதலில் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வார். பை கவிழ்க்கப்பட்டவருக்குக் கடதாசியின் அருமை தெரியும். காட்டில் குதிரைச் சேணத்தின் பித்தளை வளையம், ஈயத்தில் வார்த்த பொம்மைச் சிப்பாய், விக்ரோறியா மகாராணியின் தலை தேய்ந்த பெரிய செப்புச் சதங்கள். கரையில் பியர் தகரத்தின் மூடி வளையங்கள்தான் அதிகம். கனடாவின் தேசியப் பொருள் அது என்பது அவர் கருத்து. இந்த மண்ணின் முதற்குடிகளுடையதாக இருக்கலாம் என்று ஏதாவது பட்டால் கை வைக்காமல், உரிய இடத்துக்கு அறிவித்துவிட்டு விலகிவிடுவார்.

இரண்டு சட்டங்கள் வைத்திருக்கிறார். தோண்டிய குழியை மூடாமல் போகக் கூடாது. பெயர் எழுதிய பொருள் அகப்பட்டால் அது பெயருக்கு உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்துக்காக, ஒரு பள்ளிக்கூட மோதிரத்தை அதன் சொந்தக்காரரிடம் கொடுக்க மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறார்.

இனி நிலாணி.

நிலாணி, அக்காவின் தமக்கையின் மகள். தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போன காலத்தில் அவள் வளர்ந்தது இந்த வீட்டில்தான். தாய் இறந்த பிறகு அக்காதான் தாய். அவளுக்கு இப்போது முப்பத்துமூன்று வயது. மருந்தகத்தில் வேலை, பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு, கணவன் ராகுலன். இரண்டு தடவை கரு தங்காமல் போனது. வைத்தியர் காரணத்தையும் சொன்னார், சிகிச்சையையும் சொன்னார். ஆனால் ராகுலனின் தாய்க்கு அது போதவில்லை. ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் மாடியில் அருள்வாக்குச் சொல்லும் ஒருவரிடம் மருமகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சோழிகளை உருட்டிப் போட்டுவிட்டு, கருவை அழிப்பது தாய்வழியில் ஒரு விதவை என்றார்.

நிலாணியின் தாய்வழியில் விதவை ஒருத்திதான் உண்டு. அதுவும் மண்ணைத் தோண்டித் திரிகிற விதவை.

பிறகென்ன, ஒரு வார்த்தை சண்டை இல்லை. போன் எடுப்பது நின்றது. பிறந்தநாள் நின்றது. அக்கா பனங்கிழங்கு மாவில் காய்ச்சிக் கொண்டுபோன ஒடியல் கூழ் வாசலிலேயே வாங்கப்பட்டு, கதவு மூடப்பட்டது. பதினெட்டு மாதங்கள். புருஷன் செத்துப்போனது பெண் செய்த குற்றம் என்று எண்ணுகிற புத்தியை நாங்கள் விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, இங்கே மத்திய வெப்பமூட்டி போட்ட வீட்டில் சௌகரியமாகக் குடிவைத்திருக்கிறோம். மருந்துச் சீட்டை இரண்டு முறை சரிபார்க்கிற பெண்ணே இதை நம்பினாள் என்றால், படிப்பு எதற்கு என்று நான் கேட்டேன். அக்கா என்னைத்தான் திட்டினார். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பாடப்புத்தகத்தைக் காட்டாதீர்கள் என்றார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் நிலாணி மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கடையில் யாரோ சொல்லக் கேள்விப்பட்டார். தானாகப் போய்ப் பார்க்கவில்லை. போனால், ஏதாவது நடந்தால், அது தன் தலையில் விழும். அதைவிட, அந்தப் பிள்ளையின் தலையில் பயமாக விழும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் மெல்லியது. அந்த மாதம் முழுக்க அக்காவின் ரேடியோ கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு பெரும் புயல் ஏரியைக் கலக்கியது. புயலுக்கு அடுத்த காலைதான் தேடுகிறவர்களுக்குத் திருநாள். அலை பழைய மணலை அள்ளிக்கொண்டு போய், அடியில் கிடப்பதை மேலே விட்டிருக்கும். அக்கா, சிறிய ஆறு ஒன்று ஏரியில் விழும் இடத்துக்குப் போனார். எந்த ஆறு என்று நான் எழுதப்போவதில்லை. ஒரே மணிச்சத்தம். ஒரு கைவிரல் நீளத்தில் சுருட்டிய செப்புத் தகடுகள், மஞ்சள் நூல் இற்றுப்போய். பத்தடி சுற்றளவுக்குள் ஏழு.

அன்று மத்தியானம் சுவரில் தட்டிக் கூப்பிட்டார். கண்ணில் புரை, சின்ன எழுத்து தெரியாது.

"ஒருக்கா வாருங்கோ. உதிலை என்னவோ எழுதிக் கிடக்கு. தொடப் பயமெண்டா நான் பிடிக்கிறன், நீங்கள் வாசியுங்கோ."

எனக்கா பயம் என்று கேட்டுக்கொண்டு போனேன்.

குசினி மேசையில் பழைய துவாய் விரித்து, ஊற வைத்த தகடுகளைக் கரண்டிக் காம்பால் மெல்ல மெல்ல விரித்து வைத்திருந்தார். கட்டங்கள், சூலம், எழுத்துகள். நடுவில் ஒரு வெற்றிடம். அதில் ஆணியால் கீறியதுபோல ஒரு பெயரும் நட்சத்திரமும். அதற்குக் கீழே, தாய்வழி விதவையின் கண் கட்டு, நாக் கட்டு, கை கட்டு என்று ஒரு வரி. அடுத்த தகட்டை எடுத்தேன். வேறு பெயர், அதே வரி. மூன்றாவதிலும் அதே விதவை. நாலாவதிலும், ஐந்தாவதிலும், ஆறாவதிலும்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"ஆறு வீட்டுக்கும் ஒரே விதவையே செய்வினை செய்யிறா? பாவம், மனிசிக்கு ஓவர்டைம் குடுக்க வேணும்."

நான் சிரித்துக்கொண்டே ஏழாவதை எடுத்தேன். வாசிக்க முடியவில்லை. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. நிலாணி, திருவாதிரை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். தகட்டை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை. காசு பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். அந்தக் கண்ணாடிக்குக் கீழே புரைக் கண்ணும் வேலை செய்யும்.

காசு சேகரிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காசு அடிக்கும் அச்சில் வெடிப்பு விழுந்தால், அந்த அச்சில் பிறந்த ஒவ்வொரு காசிலும் அந்த வெடிப்பு மயிரிழைபோல மேலெழுந்து நிற்கும். இரண்டு காசில் ஒரே இழை இருந்தால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அக்கா ஏழு தகடுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஏழிலும், சூலத்தின் இடது முனையிலிருந்து ஓரம் வரை அதே இழை ஓடியது.

அந்த மாடிக்காரரின் விளம்பரத்தை வாராவாரம் எங்கள் பத்திரிகைகளில் பார்க்கிறோம். நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, அவரவர் நட்சத்திரத்துக்கு ஏற்பத் தம் கையாலேயே எழுதுகிறாராம். தகட்டை ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது அவர் கட்டளை. அலைபேசி வழிகாட்டியை நம்புகிற எங்கள் சனம் எல்லாரும், ஆறு ஏரியில் விழும் இடத்தில் கார் நிறுத்த இடமுள்ள அதே பாலத்துக்குப் போய், அதே பக்கத்தில் எறிந்திருக்கிறார்கள். ஏரிக்கு வற்றும் பெருக்கும் இல்லை. எறிந்தது எறிந்த இடத்திலேயே அமிழ்ந்தது. ஒருவராவது திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கக் கூடாது என்றல்லவா சொல்லியிருந்தது.

ஏழையும் படம் எடுத்து, பெயரோடு, நான் எழுதும் இதழின் முன்பக்கத்தில் போடப் போகிறேன் என்றேன்.

"போடமாட்டியள்," என்றார் அக்கா. "உதிலை ஏழு வீட்டுக் கண்ணீர் கிடக்கு. பேர் போட உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

அப்படியென்றால் நிலாணியின் தகட்டை மட்டுமாவது கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் தகட்டோடை போய் வாசல்லை நிண்டா என்ன சொல்லுவினம்? செய்வினைக்காரி தன்ரை கையாலையே கொண்டு வந்திட்டாள் எண்டுவினம். என்னட்டைச் சாட்சி இருக்கு. அதை நான் வைச்சிருக்கிறதுதான் பிழையாய்ப் போச்சு."

என்னுடைய வாசிப்பும் வாதத் திறமையும் அந்த மேசையில் ஒன்றுக்கும் உதவவில்லை. மறுபுறம், கைப்பையைக் கவிழ்த்த அந்த நாளில் கற்றது அவருக்கு உதவியது. குற்றம் சாட்டப்பட்டவள் தானே போய் நிரூபிக்கக் கூடாது. கேட்கிறவன் வந்து பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, தன் சட்டப்படியே செய்வது என்று முடிவெடுத்தார். தமிழ்க் கடையின் அறிவித்தல் பலகையில், அந்த மாடிக்காரரின் விளம்பரத்துக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில் ஒரு கடதாசி குத்தினோம். வாசகம் அவருடையது:

கண்டெடுக்கப்பட்டவை: ஏரிக்கரையில் செப்புத் தகடுகள் ஏழு. பெயரும் நட்சத்திரமும் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். விபரம் ஒருவருக்கும் சொல்லப்படமாட்டாது. குறிப்பு: ஏழும் ஒரே அச்சு.

தொலைபேசி எண் என்னுடையது. தன் பெயர் வந்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார்.

முதலில் வந்தவர் டெனிஸ்டன் என்ற ஒரு கூரை வேலைக்காரர். கத்தோலிக்கர். நட்சத்திரம் தெரியாதாம், சாமியாரே பார்த்து ஒன்று போட்டுக் கொடுத்தாராம். அக்கா மற்ற ஆறு பெயர்களையும் பிளாஸ்டர் துண்டால் ஒட்டி மறைத்துவிட்டு ஏழையும் அவர் முன்னால் வைத்தார். அவர் கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் பெரியம்மாவை மூன்று வருடமாக வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்று மட்டும் சொன்னார். தேநீர் குடிக்காமல் தன் தகட்டோடு எழுந்து, அக்காவின் வாசலில் நின்றபடியே யாருக்கோ போன் எடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு பெண் வந்து தன் தகட்டை வாங்கிக்கொண்டு அழுதார். அதற்கடுத்த வாரம் எங்கள் அறிவித்தலை யாரோ கிழித்தார்கள். வேறொன்று எழுதிக் குத்தினோம்.

அக்கா ஒவ்வொரு நாளும், போன் ஏதும் வந்ததா என்று கேட்பார். வந்தது என்றால் எந்த நட்சத்திரம் என்று கேட்பார். திருவாதிரை இல்லை என்றதும், பூக்கன்றுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். நாள் போய்க்கொண்டிருந்தது. நிலாணிக்கு ஏழாவது மாதம் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனி மாதம் ஒரு வியாழன் காலை என் போன் அடித்தது. பெயர் நிலாணி, நட்சத்திரம் திருவாதிரை. குரலை எனக்குத் தெரியும், என்னை அவள் அடையாளம் காணவில்லை. தகட்டைக் கண்டெடுத்தவர் சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்த ஆற்றடிக் கரையில் நிற்பார், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றேன். கண்டெடுத்தவர் யார் என்று அவள் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சனிக்கிழமை நான்தான் காரில் அக்காவைக் கூட்டிப் போனேன். பின் இருக்கையில் கருவி, சிறிய மண்வெட்டி, ஒரு பையில் இரண்டு தேநீர்க் குடுவைகள். எதற்கு இரண்டு என்று கேட்டேன். மூடிகளை இன்னொருமுறை இறுக்கினார். கரைக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஓரமாக நடக்கத் தொடங்கிவிட்டார். வருகிறவளை வாசலில் நின்று எதிர்பார்ப்பதுபோலத் தெரியக் கூடாதாம்.

எட்டு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. நிலாணி இறங்கி, இடுப்பில் கை வைத்து, மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். பிறகு தூரத்தில், முதுகு வளைத்து நடக்கும் உருவத்தைக் கண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"சின்னம்மா," என்று கூப்பிட்டாள். கேட்கவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டாள். அதுவும் கேட்கவில்லை. நேரே முன்னால் போய் நின்றுகொண்டாள். அவள் சப்பாத்துக்கு மேலே வளையம் போனதும் கருவி கத்தியது.

"விலத்துங்கோ, விலத்துங்கோ," என்றார் அக்கா, தலை நிமிராமல். "உங்கடை சப்பாத்திலை இரும்பு."

"நான்தான் சின்னம்மா."

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். முதலில் வயிற்றைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

"கால் வீங்கியிருக்கு. பிறஷர் பாத்தவையே?"

"ஓம். நோர்மல்தான்." அவள் கருவியின் தண்டைக் கையால் விலக்கினாள். "சின்னம்மா, சில்லி எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பயந்திட்டன். ஐ ஆம் சொறி."

"பயந்தது பிழையில்லைப் பிள்ளை. போன் எடுக்காததுதான் பிழை."

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்க இடையில் கருவியும் மண்வெட்டியும் வயிறும் இருந்தன. ஒருமாதிரிச் சமாளித்துப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டார்கள். நான் ஏரியைப் பார்த்தேன். கடைசியில் அக்கா சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து, பெயர் உன்னுடையது, வைத்துக்கொள் என்று கொடுத்தார். பெயர் மறைத்திருந்த மிச்ச நாலையும் கண்ணாடியையும் நான் கொண்டுபோய் நீட்டினேன். நிலாணி மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல, இரண்டு முறை சரிபார்த்தாள்.

அப்போது கார்க் கதவு மறுபடி திறந்தது. ராகுலனின் தாய் உள்ளே இருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. மெதுவாக இறங்கி, கட்டைகளையும் கற்களையும் தாண்டி வந்து, நிலாணியின் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினார். நின்றபடி அந்த ஒற்றை இழையை ஐந்து தகட்டிலும் தேடினார். வெறுங்கழுத்து, குங்குமம் இல்லாத நெற்றி. அவருடைய கணவர் போய் ஆறு வருடம்.

"நானும் விதவைதானே, மலர்," என்றார். "அவர் சோழி போடேக்கை எனக்குக் கால் நடுங்கினது. என்னைச் சொல்லேல்லை எண்டு சந்தோசப்பட்டன். அதுதான் பேசாமல் இருந்தனான்."

இத்தனை வருடம் நான் எழுதிய கட்டுரைகள் எதிலும் இந்த ஒரு வசனம் இல்லை. எனக்குக் கோபப்படக்கூட வரவில்லை. அந்த மாடியில், அந்தச் சோழிகளுக்கு முன்னால், தன் முறை வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் யோசித்தே பார்த்ததில்லை.

அக்கா பையைத் திறந்து குடுவைகளில் ஒன்றை எடுத்தார், மூடியில் ஊற்றினார், நீட்டினார்.

"குடியுங்கோ அக்கா. இதுக்குச் சீனி போடேல்லை. உங்களுக்குச் சுகர் எண்டு தெரியும்."

மரக்கட்டையொன்றில் மூன்று பெண்களும் அமர்ந்தார்கள். நிலாணி மற்றக் குடுவையிலிருந்து சீனித் தேநீர் குடித்தாள். வைத்தியர் சொன்ன நாள், வளைகாப்பு வேண்டுமா வேண்டாமா, தொட்டில் எந்தக் கடையில் என்று பேச்சு ஓடத் தொடங்கியது. பதினெட்டு மாதப் பேச்சு, அவசரமில்லாமல். சொந்தக்காரர் வராத நாலு தகடுகளை நான் துவாயில் சுற்றி வைத்தேன்.

பேச்சின் நடுவில் அக்கா திடீரென்று எழுந்தார். தண்ணீர் ஓரத்தில் ஒரு குழி பாதி தோண்டிய நிலையில் கிடந்தது. நிலாணியின் கார் வந்து நின்றதும் அவர் விட்டுவிட்டு நடந்த குழி. யாராவது கால் தவறி விழுவார்கள் என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். மூடும் முன் ஒருமுறை உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

பியர் தகரத்தின் வளையம்.